எதை முதலில் பூட்டுவது: சமூக ஊடகக் கணக்குகளைப் பாதுகாக்கும் முழுமையான வழிகாட்டி

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில், சனிக்கிழமை மாலைகளில் கைத்தொலைபேசியோடு வந்து அமர்பவர்களுக்கு நான் அவர்களுடைய கணக்குகளைச் சீர்செய்து கொடுத்து வருகிறேன். வருபவர்களில் பெரும்பாலானோரின் முதல் வேண்டுகோள் ஒன்றுதான்: "முகநூலை லொக் பண்ணித் தாங்கோ." அது ஐந்து நிமிட வேலை. ஆனால் அது பிற்பகுதியில் செய்யவேண்டிய வேலை. மின்னஞ்சலும் சிம்மும் வேறொருவர் பொறுப்பில் இருக்கையில் முகநூலை மட்டும் பூட்டுவது, படலையைப் பூட்டித் திறப்பைத் தெருமுனைக் கடையில் கொடுத்துவிட்டு வருவதற்குச் சமம். ஆகவே இந்த வழிகாட்டியில் படிகளைப் போலவே அவற்றின் ஒழுங்கும் முக்கியமானது.

செயலிகள் புதுப்பிக்கப்படும்போது பொத்தான்களின் பெயரும் இடமும் மாறுகின்றன. ஒவ்வொரு படிக்கும் காரணத்தைச் சொல்லியிருப்பது, பெயர் மாறினாலும் எதைத் தேடுகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பதற்காகவே.

1. தொடங்குவதற்கு முன்

ஒரு கொப்பி, ஒரு பேனை, உங்கள் தேசிய அடையாள அட்டை, முழுமையாக மின்னேற்றிய தொலைபேசி, இடையூறில்லாத ஒன்றரை மணித்தியாலம் ஆகியவை தேவை. கொழும்புக்கு இரவுப் புகையிரதம் பிடிக்க அரை மணித்தியாலம் இருக்கும்போது இதைத் தொடங்கவேண்டாம். கடவுச்சொல்லை மாற்றி, அதை எழுதாமல் எழுந்து ஓடியவர்களே அடுத்த சனிக்கிழமை கணக்கை இழந்தவர்களாகத் திரும்பி வருகிறார்கள்.

கொப்பியின் முதற் பக்கத்தில் நீங்கள் பயன்படுத்தும் கணக்குகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: எந்த மின்னஞ்சலில் திறக்கப்பட்டது, எந்த எண்ணில் திறக்கப்பட்டது, திறந்து தந்தவர் யார். மூன்றாவது கேள்வியைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. நம் ஊரில் தொலைபேசி வாங்கிய கடையிலேயே கணக்கையும் திறந்து வாங்கிக்கொள்ளும் வழக்கம் இருப்பதால், அந்த விடையில்தான் சிக்கல் பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது.

திரைப்பூட்டு இல்லாத தொலைபேசியாயின் இப்போதே அதைப் போடுங்கள். இனிச் செய்யப்போகும் அனைத்தும் இந்தத் தொலைபேசிக்குள்தான் இருக்கப்போகின்றன.

2. சிம் அட்டை யாருடைய பெயரில் இருக்கிறது

வட்ஸ்அப் கணக்கு என்பது உங்கள் தொலைபேசி எண்ணேயன்றி வேறில்லை. முகநூலும் ஜீமெயிலும்கூடக் கடவுச்சொல் மறந்தவர்களுக்கு அந்த எண்ணுக்குத்தான் குறியீடு அனுப்புகின்றன. எனவே எண் யாருடையதோ, கணக்கும் அவருடையதுதான்.

கிண்ணியாவிலும் மூதூரிலுமிருந்து வருபவர்களிடம் அடிக்கடி காண்பது, கத்தாரிலோ சவூதியிலோ வேலைசெய்யும் அண்ணனின் அல்லது கணவரின் பெயரில் எடுத்த சிம்மை வீட்டிலுள்ளவர்கள் பயன்படுத்துவது. தொலைபேசி தொலைந்தால் அதே எண்ணுக்கு மாற்றுச் சிம் எடுக்க, பதிவிலுள்ளவரின் அடையாளத்தைத்தான் கேட்பார்கள். அவர் விடுமுறையில் ஊருக்கு வரும்போது சேவை நிலையத்துக்கு இருவரும் ஒன்றாகச் சென்று, எண்ணை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நெடுநாள் ரீலோட் செய்யாமல் விட்ட எண் துண்டிக்கப்பட்டுப் பின்னர் வேறொருவருக்கு வழங்கப்படலாம். கைவிட்ட எண் ஏதாவது உங்கள் கணக்குகளில் இன்னும் பதிந்திருந்தால் அதை இன்றே நீக்குங்கள். அந்த எண்ணை வாங்கியவர் கெட்டவராக இருக்கவேண்டியதில்லை. குறியீடு தானாகவே அவருடைய தொலைபேசிக்குப் போய்விடும்.

சிம்முக்குத் தனியாக இரகசிய எண் இடும் வசதியும் உண்டு. ஆனால் மூன்று முறை தவறாக இட்டால் சிம் பூட்டிக்கொள்ளும். பிறகு 'பக்' (PUK) எனப்படும் சிம் திறக்கும் எண் இல்லாமல் திறக்காது. சிம் வந்த அட்டையில் அந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். அட்டையைத் தொலைத்தவர்கள் முதலில் நிறுவனத்திடம் பக் எண்ணைக் கேட்டுக் கொப்பியில் எழுதிய பின்னரே இதைத் தொடுங்கள்.

3. மின்னஞ்சல்: எல்லாக் கதவுகளுக்கும் பெருந்திறப்பு

முகநூல், இன்ஸ்டகிராம், டிக்டொக் ஆகிய எதிலும் 'கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்' என்பதை அழுத்தினால் புதிய கடவுச்சொல்லுக்கான வழி மின்னஞ்சலுக்கு வருகிறது. ஆகவே மின்னஞ்சலைத் திறக்கக்கூடியவர் மற்றவற்றையும் திறக்கலாம். இதனாலேயே இந்தப் படி சமூக ஊடகச் செயலிகளுக்கு முன்னால் வருகிறது.

நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் தம்முடைய முகநூலில் தாம் எழுதாத பின்னூட்டங்கள் வருவதாகச் சொன்னார். மூன்று முறை கடவுச்சொல்லை மாற்றியும் பயன் இல்லை. பார்த்தால், மின்னஞ்சல் முகவரியில் இருந்தது அவருடைய பெயரே அல்ல. தொலைபேசி விற்ற இளைஞர் தம்முடைய ஒரு முகவரியிலேயே பத்துப் பன்னிரண்டு பேருக்குக் கணக்குத் திறந்து கொடுத்திருந்தார். அந்த இளைஞர் தீங்கு நினைத்தாரா, அவருடைய கடவுச்சொல் வேறு யாரிடமாவது போயிற்றா என்று ஆராய்வதில் பொருளில்லை. முகவரியை மாற்றியதும் பின்னூட்டங்கள் நின்றன.

செய்யவேண்டியது இதுதான். உங்கள் பெயரில் நீங்களே ஒரு ஜீமெயில் முகவரியைத் திறந்து, அதன் கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு சமூக ஊடகக் கணக்கிலும் புதிய முகவரியைச் சேர்த்து, அதற்கு வரும் உறுதிப்படுத்தும் குறியீட்டை இட்ட பின்னர், பழைய முகவரியை நீக்குங்கள். இந்த மூன்றும் இதே வரிசையில் நடக்கவேண்டும். பழையதை முதலில் நீக்க முயன்றவர்கள் நடுவழியில் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

ஏற்கெனவே சொந்த முகவரி உள்ளவர்கள் அதன் பாதுகாப்புப் பக்கத்தில் மீட்பு எண், மீட்பு முகவரி இரண்டும் இன்றைக்குப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிப்பட்ட கணக்குகளைக் கூகுள் நீக்கக்கூடும் என்ற விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருப்பதால், மறந்துபோன பழைய முகவரியை நம்பி எதையும் விட்டுவைக்கவேண்டாம்.

4. கடவுச்சொல்லும் இரண்டாம் பூட்டும்

ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறு கடவுச்சொல் வேண்டும். ஏதோ ஒரு விளையாட்டுச் செயலியிலிருந்து கசிந்த சொல்லை மின்னஞ்சலிலும் முகநூலிலும் இட்டுப்பார்ப்பதே கணக்குத் திருடுவோரின் எளிய வழி. குழந்தையின் பெயர், பிறந்த ஆண்டு, ஊர்க் கோயிலின் பெயர் ஆகியவற்றைத் தவிருங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களை, தமிழ்ச் சொற்களேயானாலும் ஆங்கில எழுத்தில், சேர்த்து எழுதினால் நினைவில் வைக்க எளிது, ஊகிக்கக் கடினம். கொப்பியில் எழுதி அலுமாரியில் வைப்பதை நான் குறையாகக் கருதவில்லை. அதைப் படம் பிடித்துத் தொலைபேசியிலேயே வைப்பதுதான் குறை.

அடுத்தது இரண்டு படிச் சரிபார்ப்பு. கடவுச்சொல் தெரிந்தவரும் இன்னொரு குறியீடு இல்லாமல் நுழைய முடியாதபடி இது தடுக்கிறது. ஜீமெயிலில் முதலில், முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் அடுத்து, வட்ஸ்அப்பில் இறுதியாகச் செய்யுங்கள். வட்ஸ்அப் தவிர்ந்த மூன்றிலும் மீட்புக் குறியீடுகளின் பட்டியல் ஒன்று தரப்படும்; ஒவ்வொன்றும் ஒரு முறை மட்டுமே செல்லும். தொலைபேசி கடலில் விழுந்த நாளில் (நிலாவெளியில் படகோட்டும் தம்பிமாருக்கு இது கற்பனையல்ல) உங்களைக் காப்பாற்றப்போவது அந்தப் பட்டியல்தான். அதைக் கொப்பியில் எழுதாமல் அடுத்த படிக்குப் போகவேண்டாம்.

வட்ஸ்அப்பில் நீங்களே தெரிவுசெய்யும் ஆறு இலக்க எண் ஒன்று இரண்டாம் பூட்டாகிறது. அதை அமைக்கும்போது மின்னஞ்சல் முகவரியையும் கேட்கும். பலர் அதைத் தாண்டிப் போகிறார்கள். எண்ணை மறந்து, முகவரியும் கொடுக்காதவர்கள் அதை மீட்டமைக்க ஏழு நாட்கள் காத்திருக்கவேண்டும்.

இங்கே இரண்டு ஆறு இலக்க எண்களைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. நீங்கள் அமைத்த எண் ஒன்று. புதிய தொலைபேசியில் பதிவுசெய்யும்போது குறுஞ்செய்தியாக வரும் எண் மற்றொன்று. இந்த இரண்டாவது எண்ணைத்தான் மோசடிக்காரர் கேட்கிறார். லண்டனிலுள்ள சித்தியின் கணக்கிலிருந்தே செய்தி வரும்: "பிள்ளை, எனக்கு வரவேண்டிய ஒரு எண் தவறி உனக்கு வந்திட்டுது, அனுப்பிவிடு." சித்தியின் கணக்கு ஏற்கெனவே களவுபோயிருக்கும். எண்ணை அனுப்பிய மறுநிமிடம் உங்கள் கணக்கும் போகும். அங்கிருந்து உங்கள் தொடர்புகள் எல்லோரிடமும் அவசரப் பணம் கேட்கப்படும். கேட்பவர் யாராயினும், எவ்வளவு நெருங்கியவராயினும், குறுஞ்செய்தியில் வந்த எண்ணைச் சொல்லவேண்டாம். சந்தேகம் இருந்தால் அவருடைய குரலைக் கேட்கும் வகையில் வேறு வழியில் அழைத்துப் பேசுங்கள்.

5. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களை வெளியேற்றுதல்

முகநூலில் 'எங்கெங்கே நுழைந்துள்ளீர்கள்' என்ற பட்டியலும், வட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற பட்டியலும் உள்ளன. உங்களுக்குத் தெரியாத கருவி எதுவாயினும் அதை வெளியேற்றுங்கள். ஐயமாக இருந்தால் எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டு உங்கள் தொலைபேசியில் மட்டும் மீண்டும் நுழையுங்கள்.

கடவுச்சொல்லை மாற்றிய பின்னரே இது பயன் தரும். பழைய கடவுச்சொல் இருக்கும்வரை வெளியேற்றப்பட்டவர் அடுத்த நிமிடமே திரும்பி வரலாம். திருத்தகத்தில் ஒரு நாள் முழுவதும் விட்டு வாங்கிய தொலைபேசியாயின் வட்ஸ்அப் பட்டியலை அவசியம் பாருங்கள். யாரோ ஒரு கணினியில் இணைத்துவிட்டால் உங்கள் உரையாடல் அங்கேயும் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் தொலைபேசியில் எந்த மாற்றமும் தெரியாது.

6. யார் பார்க்கலாம் என்பதைத் தீர்மானித்தல்

முகநூலைப் பூட்டித் தரும்படி கேட்டவர்களின் முறை இப்போதுதான் வருகிறது.

முதலில் நண்பர் பட்டியலை 'நான் மட்டும்' என்று மாற்றுங்கள். புதியவர்கள் இதைக் கடைசியில்கூட நினைப்பதில்லை. உங்கள் படத்தையும் பெயரையும் கொண்டு போலிக் கணக்குத் திறப்பவருக்குத் தேவைப்படுவது அந்தப் பட்டியல்; அது இல்லாவிட்டால் யாரிடம் பணம் கேட்பது என்று அவருக்குத் தெரியாது. பார்ப்பவருக்கும் உங்களுக்கும் பொதுவான நண்பர்கள் மட்டும் தொடர்ந்து தெரிவார்கள்.

அடுத்து, எதிர்காலப் பதிவுகளை 'நண்பர்கள்' என்று மாற்றுங்கள். ஆனால் இது பழைய பதிவுகளைத் தொடாது. அதற்கென்று 'கடந்தகாலப் பதிவுகளை மட்டுப்படுத்து' என்ற தனி வசதி உண்டு. ஒரே அழுத்தில், எல்லோரும் பார்க்கும்படி இருந்தவை அனைத்தும் நண்பர்களுக்கு மட்டும் என்றாகும். திரும்ப மாற்றவேண்டுமாயின் ஒவ்வொரு பதிவாகத்தான் மாற்றவேண்டும். விருந்தினர் இல்லமோ சுற்றுலாப் படகோ நடத்துபவர்கள் இதைச் செய்யுமுன் தொழிலுக்கான பக்கத்தைத் தனியாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

தொலைபேசி எண்ணைக் கொண்டு உங்களைத் தேடும் வசதியை நிறுத்துங்கள். உங்களை அடையாளமிட்ட பதிவுகள் உங்கள் அனுமதியின் பின்னரே உங்கள் பக்கத்தில் வரும்படி செய்யுங்கள். வட்ஸ்அப்பில் படத்தையும் கடைசியாக வந்த நேரத்தையும், உங்களைக் குழுக்களில் சேர்க்கும் உரிமையையும் 'எனது தொடர்புகள்' என்று வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் 'பிறராகப் பார்' என்ற வசதியால் உங்கள் பக்கத்தை அந்நியரின் கண்ணால் பாருங்கள். முகநூலின் அட்டைப்படம் எப்போதும் பொதுவானது. எந்தப் பூட்டும் அதை மறைக்காது. பிள்ளைகளின் படம் அங்கே இருந்தால் அதை எடுத்துவிட்டுக் கடற்கரைப் படம் ஒன்றைப் போடுங்கள்.

7. பூட்டுகளால் மறைக்க முடியாதவை

நண்பர் பட்டியலில் அறுநூறு பேர் இருந்தால் 'நண்பர்கள் மட்டும்' என்பது ஏறக்குறையத் தெருவில் ஒட்டிய விளம்பரம்தான். ஆகவே பதிவிடும் பொருளே எதைச் சொல்லிவிடுகிறது என்பதைத் தனியாகப் பார்க்கவேண்டும்.

அடையாள அட்டை எண் வெறும் எண்ணல்ல. பன்னிரண்டு இலக்க எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்படுகிறது. 1990545 என்று தொடங்கினால் அவர் 1990 பெப்ரவரி 14 அன்று பிறந்த பெண். பழைய ஒன்பது இலக்க எண்ணிலும் இதே கணக்குத்தான், ஆண்டு மட்டும் இரண்டு இலக்கம். வேலை விண்ணப்பம், புகையிரதச் சீட்டு, பரீட்சை அனுமதி அட்டை, தொலைந்த பணப்பை கிடைத்த செய்தி என்று பல வடிவங்களில் இந்த எண் குழுக்களில் சுற்றுகிறது. படத்தை அனுப்புவதற்கு முன் எண்ணின் மீது காகிதத் துண்டொன்றை வைத்து மறைத்துப் படமெடுங்கள். தொலைபேசியின் தூரிகையால் தீட்டிய மறைப்புச் சிலவேளை அரைகுறையாகத் தெரியும், காகிதம் ஏமாற்றாது.

பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேற்றைப் பெருமையோடு பதிவதில் தவறில்லை. சுட்டெண் தெரியும்படி பதிவதில்தான் தவறு இருக்கிறது. அந்த எண்ணைக் கொண்டு எவரும் முழுப் பெறுபேற்றையும் இணையத்தில் பார்க்கலாம்.

சாமத்திய வீட்டுப் படங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. படப்பிடிப்பாளர் தம்முடைய தொழிற்பக்கத்தில் முழுத் தொகுப்பையும் எல்லோரும் பார்க்கும்படி ஏற்றுகிறார். அழைப்பிதழ் அட்டையில் பிள்ளையின் பெயரும் பெற்றோரின் பெயரும் வீட்டு முகவரியும் இருக்கின்றன. வாழ்த்துப் பின்னூட்டத்தில் வகுப்புத் தோழிகள் பாடசாலையின் பெயரையும் எழுதிவிடுகிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தியை அந்நியர் பெயர் சொல்லி அழைத்து நம்பவைப்பதற்கு வேண்டியவை அனைத்தும் ஒரே பக்கத்தில் சேர்ந்துவிடுகின்றன. முற்பணம் கொடுக்கும் நாளிலேயே, படங்களை எங்கள் அனுமதியின்றி ஏற்றக்கூடாது என்று படப்பிடிப்பாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விழா முடிந்த பிறகு கேட்டால் "எல்லோரும் விரும்பிப் பார்க்கினம்" என்ற பதில்தான் வரும்.

மரண அறிவித்தல் இன்னொரு இடம். இறந்தவரின் பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், யார் கனடாவில், யார் சுவிற்சர்லாந்தில், தொடர்பு எண்கள் என்று ஒரு குடும்பத்தின் முழு வரைபடமும் அதில் உண்டு. தகவல் சேரவேண்டும் என்பதற்காகவே அது எழுதப்படுவதால் அதை நிறுத்தச் சொல்லமுடியாது. ஆனால் ஒரே ஓர் எண்ணை மட்டும் கொடுக்கலாம். துக்க வீட்டில் தடுமாறாமல் பேசக்கூடிய ஒருவரின் எண்ணாக அது இருக்கட்டும். அடுத்த சில வாரங்களில் "கனடா மாமா" என்று புதிய எண்ணிலிருந்து வரும் செய்திகளை இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்கும்படி வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். தாயின் கன்னிப்பெயர் போன்ற பாதுகாப்புக் கேள்விகளுக்கும் விடை இந்த அறிவித்தல்களிலேயே கிடைப்பதால், அத்தகைய கேள்விக்கு உண்மையல்லாத விடையைக் கொடுத்து அதைக் கொப்பியில் எழுதிவைப்பது மேல்.

8. இருக்கும் இடத்தை வெளிவிடாதிருத்தல்

தொலைபேசியின் கமெரா அமைப்பில் இடக்குறிப்பை நிறுத்துங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அந்தக் குறிப்பு நீக்கப்படுகிறது; தெளிவு குறையக்கூடாது என்று அதையே ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகிறது. ஸ்னாப்சட் பயன்படுத்தும் பிள்ளைகளின் வரைபடத்தில், இருக்கும் இடத்தை மறைக்கும் 'கோஸ்ட் மோட்' போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இயந்திரம் சொல்லாததையும் படம் சொல்லும். டச்சுக் குடாவும் கோணேசர் மலையும் எந்தக் கோணத்தில் தெரிகின்றன என்பதைப் பார்த்தே ஊரார் உங்கள் மொட்டைமாடியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பயணப் படங்களை வீடு திரும்பிய பின்னர் பதியுங்கள். குடும்பத்தோடு புகையிரதத்தில் ஏறியதை நேரலையில் காட்டுவது வீடு பூட்டிக் கிடக்கிறது என்ற அறிவிப்புமாகும். பின்தொடர்ந்து தொல்லை தருபவர் இருக்கும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம்: வழமையாகச் செல்லும் வகுப்பு, பேருந்து, நேரம் ஆகியவை பதிவுகளில் திரும்பத் திரும்ப வருகின்றனவா என்று ஒரு மாதப் பதிவுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

9. தவறு நடந்துவிட்டால்

மிரட்டலோ அவதூறோ போலிக் கணக்கோ கண்டவுடன் எல்லோரும் செய்வது தடைசெய்வதும் அழிப்பதும். வெட்கத்தாலோ கோபத்தாலோ சான்று அழிந்துபோகிறது. முதலில் முழுத் திரையையும் தேதியும் நேரமும் தெரியும்படி படமெடுங்கள். கணக்கின் பெயரை மட்டுமன்றி அதன் இணைப்பு முகவரியையும் பிரதிசெய்து வையுங்கள். பெயர் நாளை மாறிவிடும். அதன் பின்னர் செயலியில் முறையிடுங்கள், இறுதியாகத் தடைசெய்யுங்கள்.

அந்தரங்கப் படத்தைக் காட்டிப் பணம் கேட்டால் கொடுக்கவேண்டாம். கொடுத்தவரிடமே மறுபடியும் கேட்கிறார்கள். 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் 'ஸ்டொப் என்சிஐஐ' (StopNCII) என்ற இணையச் சேவையைப் பயன்படுத்தலாம்: படம் உங்கள் தொலைபேசியை விட்டு வெளியே போவதில்லை; அதன் இலக்கக் கைரேகை மட்டும் உருவாக்கப்பட்டு, பங்கேற்கும் தளங்கள் அதே படம் ஏற்றப்பட்டால் அடையாளம் காண உதவுகிறது. 18 வயதுக்கு உட்பட்டிருந்தபோது எடுத்த படமாயின் 'டேக் இட் டவுன்' என்ற சேவை உண்டு. பிள்ளை சொல்லவரும்போது, ஏன் அனுப்பினாய் என்ற கேள்வியைப் பெற்றோர் அன்றைக்காவது ஒத்திவைக்கவேண்டும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் மிரட்டுபவர் சொல்வதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

உடனடி ஆபத்தாயின் பொலிஸ் அவசர எண் 119. சிறுவர்களுக்கான உதவி எண் 1929, பெண்களுக்கானது 1938. கணக்குத் திருட்டுப் பற்றிய ஆலோசனைக்கு இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலைக் குழுவின் எண் 101. பிறர் கணக்கில் அனுமதியின்றி நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றம் என்பதால், "காசு போகவில்லையே" என்று யாராவது திருப்பி அனுப்ப முயன்றாலும் முறைப்பாட்டைப் பதிவுசெய்யும்படி கேளுங்கள். சான்றுகளை அச்சிட்டு இரண்டு பிரதிகளாகக் கொண்டு செல்லுங்கள். ஒன்று உங்களிடமே இருக்கவேண்டும்.

வட்ஸ்அப் களவுபோனால் உங்கள் தொலைபேசியில் அதே எண்ணால் மீண்டும் பதிவுசெய்யுங்கள். குறுஞ்செய்தியில் வரும் எண்ணை இட்டவுடன் திருடியவர் வெளியேற்றப்படுவார். அவர் இரண்டாம் பூட்டு எண் ஒன்றை அமைத்திருந்தால் நீங்கள் ஏழு நாட்கள் காத்திருக்கவேண்டும்; ஆனால் அந்த ஏழு நாட்களும் அவராலும் உங்கள் கணக்கைப் பயன்படுத்த முடியாது. அதற்குள் அவர் அனுப்பிய பணக் கோரிக்கைகளை நம்பி யாரும் அனுப்பிவிடாதபடி, வெளிநாட்டு உறவினர்களிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக அழைத்துச் சொல்லுங்கள்.